செல் சிகிச்சைக்காக நிலத்தை விற்கலாமா?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 13 வயது. ஒன்பதாவது வயதில் ஓயாத தாகம், இரவெல்லாம் சிறுநீர், பிறகு வாந்தி என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து நாளுக்கு நான்கு ஊசி. கடந்த ஓராண்டாகச் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. காலையில் 280, மதியம் 60 என்று தாவுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 9.2 சதவீதம். கனடாவில் இருக்கும் தம்பி, ‘செல்களை ஒரு கூட்டுக்குள் வைத்து உடம்பில் பதிக்கிறார்கள், 12 பேரில் 10 பேர் இன்சுலினையே நிறுத்திவிட்டார்கள்’ என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அதே வாரத்தில் ஒரு பெருநகர மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. மகளின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து, வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லைப் பிரித்து நரம்பில் ஏற்றுவார்களாம். மூன்று தவணை, 4,80,000 ரூபாய். சீனாவில் ஒரு பெண் இப்படித்தான் குணமானார் என்று கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். 25,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிக்காக நிலத்தை விற்கக் கணவர் விலை பேசிக்கொண்டிருக்கிறார். ‘உடம்பைத் தயார்செய்ய’ இன்சுலினைப் பாதியாகக் குறைக்கும்படி மையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: ‘தொடையில் ஊசி போடும் இடம் கெட்டியாகிவிட்டது. அங்கே போட்டால் வலிக்கவில்லை என்று அவள் அங்கேயே போட்டுக்கொள்கிறாள்.’ கடைசிப் பக்கத்தில் மகள் கேட்டதாக ஒரு கேள்வி: ‘அந்தக் கூட்டை வைத்துவிட்டால் ஸ்கூல் பாத்ரூமில் ஒளிந்து ஊசி போட வேண்டாம்தானே அம்மா?’ கர்ப்பமாக இருந்தபோது மாம்பழம் அதிகம் சாப்பிட்டதால்தான் இப்படி ஆனதோ என்ற குற்ற உணர்வையும், ‘கல்யாண வயதுக்குள் இந்த ஊசியை ஒழித்துக்கட்டுங்கள்’ என்று மாமியார் சொல்லிக்கொண்டிருப்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மகளின் இன்சுலினை ஒரு யூனிட்கூடக் குறைக்காதீர்கள். ஏற்கெனவே குறைத்திருந்தால், இதைப் படித்த கையோடு அவளை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை அழைத்து, அவர் சொல்லும் அளவுக்குத் திரும்புங்கள். இதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் டைப் 2 சர்க்கரை நோயில் உடம்பு இன்சுலினைச் சுரக்கும், அது போதாமல் போகும். உங்கள் மகளுக்குச் சுரப்பே ஏறக்குறைய நின்றுவிட்டது. வெளியிலிருந்து கொடுப்பதைப் பாதியாக்கினால் ரத்தத்தில் சர்க்கரை குவிந்து கிடக்கும்போதே உடம்பு பட்டினி கிடக்கும். கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும். வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, வாயில் பழவாடை, கடைசியில் நினைவிழப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் பார்த்து நடுங்கிய அதே நிலைமைதான். ‘குணமாக்குகிறோம்’ என்ற யாருடைய பேச்சையோ நம்பி இன்சுலினைக் குறைத்து, வயிற்றுவலிக்குக் கஷாயம் கொடுத்து ஒருநாளை வீட்டிலேயே கழித்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளையும் எங்களால் காப்பாற்ற முடிந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

உண்மையான செல் மாற்றுச் சிகிச்சையில் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். புதிதாக வைத்த செல்கள் களைத்துப்போகக் கூடாது என்பதற்காக, ஆரம்பத்தில் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் பிடித்துவைப்பார்கள். இன்சுலினைக் குறைத்து உடம்பைத் தயார்செய்வது என்ற ஒன்று கிடையாது.

மாம்பழத்தைப் பற்றி இரண்டு வரி. நீங்கள் சாப்பிட்ட எதுவும் இந்த நோயைக் கொண்டுவரவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே பகை என்று எண்ணி அழித்துவிட்டதால் வந்தது இது. நான்கு ஆண்டுகளாகச் சுமந்த இந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

கூட்டுக்குள் செல் என்றால் என்ன?

உங்கள் தம்பி அனுப்பிய செய்தி பொய்யில்லை. ஆனால் அதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதைப் பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் சிறு செல் கொத்துகள் இருக்கின்றன. தீவுத்திட்டுகள் என்று சொல்வோம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். பீட்டா செல்கள் இருப்பது இவற்றில். 2000-ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோவின் குழு, இறந்தவர்கள் தானமளித்த கணையங்களிலிருந்து இந்தத் திட்டுகளைப் பிரித்தெடுத்து ஏழு நோயாளிகளின் கல்லீரல் ரத்தக்குழாய் வழியே செலுத்தியது. ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்த நாள் அது. ஆனால் அந்தச் செல்களை உடம்பு தாக்காமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து விழுங்க வேண்டியிருந்தது. தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, சில வகைப் புற்றுநோய்கள் என்று அந்த மருந்துகளுக்கான விலை பெரிது. அப்படியும் பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல இன்சுலின் மீண்டும் தேவைப்பட்டது.

அந்த மருந்துகளே இல்லாமல் செல்களைக் காப்பாற்ற முடியாதா என்ற ஏக்கத்திலிருந்து பிறந்ததுதான் கூடு. அந்த யோசனை எட்மன்டனுக்கும் முந்தையது. 1980-இல் ஃபிராங்க்ளின் லிம், ஆன்டனி சன் இருவரும், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளில் தீவுத்திட்டுகளைப் பொதிந்து, சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குள் வைத்துக்காட்டினார்கள். பாயசத்தில் வெந்த ஜவ்வரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கண்ணாடிபோல் ஒரு வழவழப்பு, உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி. அந்த வெள்ளைப் புள்ளி இருக்கும் இடத்தில் உயிருள்ள செல்கள். வெளிக்கூழில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும். உருவத்தில் பெரிய வெள்ளையணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் நுழைய முடியாது. இதையே சிறு மணியாகச் செய்யாமல் தட்டையான பையாகச் செய்து தோலுக்கடியில் வைக்கும் முறையும் உண்டு. இது விழுங்கும் கேப்ஸ்யூல் அல்ல. ‘மாத்திரையா அல்லது ஆபரேஷனா’ என்று கேட்டிருந்தீர்கள். ஆபரேஷன்தான்.

நினைத்தால் எவ்வளவு அழகான யோசனை! ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் இன்னும் எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சையாக அது கிடைக்கவில்லை. காரணம் அந்தக் கூட்டிலேயே இருக்கிறது. பாதத்தில் தைத்த முள்ளை எடுக்காமல் விட்டால் சுற்றிலும் சதை கெட்டிப்பட்டு அதை மூடிவிடும் இல்லையா? உடம்பு இந்தக் கூட்டையும் முள்ளாகவே நினைக்கிறது. சுற்றிலும் நார்ச்சதை வளர்ந்து துளைகளை அடைக்கிறது. ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குமேல் விலகியிருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் போதாது. பீட்டா செல்லோ ஆக்சிஜனுக்கு மிகவும் ஏங்குகிற செல். கணையத்தில் ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ரத்தக்குழாய்கள் வலைபோல ஓடும். கூட்டுக்குள் ஒரு குழாய்கூட வர முடியாது. பகைவனை வெளியே நிறுத்தும் சுவரே உள்ளே இருப்பவர்களைப் பட்டினி போடுகிறது. இந்தத் துறை இன்றுவரை முட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரே இடத்தில்தான். இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ஆக்சிஜனை ஊசிமூலம் நிரப்பும் அறையோடு ஒரு கருவியே செய்து, சுவீடனில் சிலருக்கு வைத்துப் பார்த்தது. செல்கள் உயிர் பிழைத்தன. ஆனால் நோயாளிகளின் இன்சுலின் தேவை குறையும் அளவுக்கு அவை சுரக்கவில்லை.

12 பேரில் 10 பேர்: எது உண்மை?

இப்போது தம்பியின் செய்திக்கு வருகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மெல்டன் என்ற விஞ்ஞானியின் மகனுக்கும் மகளுக்கும் டைப் 1 சர்க்கரை நோய். பிள்ளைகளுக்காகவே தன் ஆராய்ச்சியின் திசையைத் திருப்பிக்கொண்டவர் அவர். ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் படிப்படியாக வளர்த்து இன்சுலின் சுரக்கும் செல்களாக மாற்றும் முறையை அவருடைய குழு 2014-இல் வெளியிட்டது. அவர் தொடங்கிய நிறுவனத்தை 2019-இல் வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் வாங்கியது. அந்தச் செல்களை நோயாளிகளுக்கு இரண்டு வழிகளில் கொடுத்துப் பார்த்தார்கள்.

முதல் வழியில் கூடே இல்லை. செல்களை வெறுமையாகக் கல்லீரல் ரத்தக்குழாயில் செலுத்தி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் வெளியான முடிவில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். தம்பி சொன்ன கணக்கு இதுதான். அதே ஆய்வில் இருவர் இறந்ததையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு முன்பே இருந்த மூளைநலிவு முற்றியது. மற்றவருக்கு மூளையுறையில் பூஞ்சைத் தொற்று. எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பைத் தேடி வரும் தொற்று அது.

இரண்டாவது வழியில் அதே செல்களை ஒரு கூட்டுக்குள் வைத்தார்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. விஎக்ஸ்-264 என்று அதற்குப் பெயர். 2025 மார்ச்சில் அந்த முயற்சியைக் கைவிடுவதாக நிறுவனமே அறிவித்தது. ஆபத்து எதுவும் நேரவில்லை, ஆனால் பலன் கிடைக்கும் அளவுக்கு இன்சுலின் சுரக்கவில்லை. அதாவது, பலன் கிடைத்தது கூடு இல்லாத முறையில். கூடு வைத்த முறை தோற்றது. செய்தி கைமாறி வரும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. தம்பியைக் குறை சொல்லாதீர்கள். அக்கா மகளுக்காகத் தேடிப் படித்திருக்கிறார், அதுவே பெரிது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். பலன் கிடைத்த அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மட்டும். அதிலும், சர்க்கரை இறங்குவதே உடம்புக்குத் தெரியாமல் அடிக்கடி மயங்கி விழுபவர்கள். உயிராபத்து அந்த அளவுக்கு இருப்பவருக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்தின் ஆபத்தைத் தாங்கிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. வளரும் வயதில், முன்னால் அறுபது எழுபது ஆண்டு வாழ்க்கையை வைத்திருக்கும் உங்கள் மகளுக்கு இன்று அந்தத் தராசு வேறு பக்கம் சாய்கிறது. நாளை கனடாவிலேயே இடம் கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதற்காக நம்பிக்கையை மூட்டை கட்டிவிட வேண்டாம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2024 டிசம்பரில் ஒருவருடைய முன்கைத் தசையில், மரபணு திருத்திய தீவுத்திட்டுச் செல்களை வைத்தார்கள். கூடும் இல்லை, அடக்கும் மருந்தும் இல்லை. எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாத விதமாகச் செல்லையே திருத்திவிட்டார்கள். அந்தச் செல்கள் பிழைத்து இன்சுலின் சுரக்கின்றன. வைத்தது மிகக் குறைந்த அளவு என்பதால் அவர் ஊசியைத் தொடர்கிறார். ஒரே ஒரு நோயாளிதான். என்றாலும் அந்த ஆய்வறிக்கையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டபோது அது சரியாக வேலை செய்யவில்லை, ஒவ்வாமைதான் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, சுத்திகரித்த மருந்தைப் போட்ட பிறகே சர்க்கரை இறங்கியது. உங்கள் மகளின் வாழ்நாளில் மேலான ஒரு வழி வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது வரும் நாளில் அவளுடைய கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடாமல் இருக்க வேண்டும். நம் கையில் இருக்கும் வேலை அது.

அந்த மையம் விற்பது என்ன?

கையேட்டில் காட்டியிருக்கும் சீனப் பெண்ணின் கதை உண்மை. அதனால்தான் அது ஆபத்தான தூண்டில். 2024 செப்டம்பரில் ‘செல்’ என்ற ஆய்விதழில் அது வெளியானது. 25 வயதுப் பெண்ணின் கொழுப்பிலிருந்து செல்களை எடுத்தார்கள் என்பது வரைக்கும் மையம் சொல்வது சரி. அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. அந்தச் செல்களை ஆய்வகத்தில் வேதிப்பொருள்களால் கருவின் தொடக்க நிலைக்குத் திருப்பி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக வளர்த்துத் தீவுத்திட்டுகளாக மாற்றி, சோதித்து, பல லட்சம் திட்டுகளை வயிற்றுத் தசையுறைக்குள் வைத்தார்கள். 75 நாளில் இன்சுலினை நிறுத்தினார். அவருக்கு முன்பே கல்லீரல் மாற்று நடந்திருந்ததால், எதிர்ப்பை அடக்கும் மருந்தை எப்படியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் அந்த மருந்து இல்லாமல் செல்கள் தப்பியிருக்குமா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

உங்கள் கடிதப்படி இந்த மையம் செய்யப்போவது என்ன? காலையில் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுழற்றிப் பிரித்து, அன்று மாலையே நரம்பில் ஏற்றுவது. நெல்லை அப்படியே இலையில் கொட்டிவிட்டுச் சோறு பரிமாறினேன் என்று சொல்வதுபோலத்தான் இது. கொழுப்பிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றும் செல்கள் உடம்புக்குள் பீட்டா செல்லாக மாறுவதில்லை. ஏற்றும்போது தொற்றும் ரத்தக்கட்டும் வர வாய்ப்பு இருக்கிறது. ‘சொந்தச் செல்தானே, என்ன கெடுதல்’ என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். கெடுதல் அங்கே இருக்கிறது, அதைவிடப் பெரிதாக இன்சுலினைக் குறைப்பதில் இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்தநோய்கள் போன்றவற்றுக்கான எலும்புமஜ்ஜை வகை மாற்றைத் தவிர, மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம். டைப் 1 சர்க்கரை நோய் அந்த விதிவிலக்கில் இல்லை. ஆய்வு என்றால் அதில் சேருபவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். பணம் கேட்கிறார்கள் என்றாலே அது ஆய்வு அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘இது கிளினிக்கல் டிரையல்’ என்று அவர்கள் வாதிட்டால், சி.டி.ஆர்.ஐ. எனப்படும் தேசியப் பதிவேட்டின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் கேளுங்கள். எண்ணைத் தந்தால் இணையத்தில் தேடி, அதில் இந்த மையத்தின் பெயர் இருக்கிறதா, 13 வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

‘அங்கே போட்டுக்கொண்ட பையனுக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்ததாமே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை குறைய நூறு காரணம் உண்டு. நோய் தெரிந்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச காலம் தலைதூக்கி, ஊசியின் அளவு தானாகவே குறைவதுண்டு. உங்கள் மகளுக்கும் முதல் ஆண்டில் அப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். உடம்பு சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்று அறிய சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சுரக்கும் இன்சுலினோடு அது சேர்ந்தே வெளிவரும். ஊசியில் வரும் இன்சுலினில் அது கிடையாது. நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் நம்பியது அதைத்தான். அந்த மையம் ஒரு நோயாளிக்காவது முன்னும் பின்னும் இதைப் பார்த்ததா என்று கேளுங்கள்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். ரசீது, கையேடு, இன்சுலினைக் குறைக்கச் சொன்ன குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. அதன் பட்டியலில் சர்க்கரை நோய் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. மருத்துவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். பணம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், 25,000 போனதற்காக மீதியையும் கட்டிவிடாதீர்கள். நிலத்தை விற்காதீர்கள்.

தொடையில் இருக்கும் கெட்டி

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அந்தத் தொடையைப் பற்றியது. ஓராண்டாக ஏன் சர்க்கரை தாவுகிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி அங்கே இருக்கலாம்.

ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஊசி போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகிவிடும். அங்கே உணர்ச்சி மந்தம், வலிக்காது. அதனால் பிள்ளைகள் அந்த இடத்தையே நாடுவார்கள். ஆனால் அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் ஒருநாள் தேங்கி நிற்கும், ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். 280-உம் 60-உம் மாறிமாறி வருவது இப்படித்தான். இன்றிரவு மகளைப் படுக்கவைத்து, விரலில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு தொடை, வயிறு, கைகளின் பின்புறம் எல்லாவற்றையும் மெதுவாக நீவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட விரலுக்குத் தட்டுப்படும். அந்த எல்லையைப் பேனாவால் வட்டமிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சில மாதங்களுக்கு அந்த வட்டத்துக்குள் ஊசி கூடாது.

ஓர் எச்சரிக்கை. நல்ல இடத்துக்கு மாற்றியதும் இன்சுலின் முழுமையாக உறிஞ்சப்படும். பழைய அளவே அதிகமாகிச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஆகவே மருத்துவரிடம் பேசி அளவைத் தீர்மானித்துக்கொண்டு மாற்றுங்கள், முதல் வாரம் கூடுதலாகப் பரிசோதியுங்கள். இன்சுலினைக் குறைக்காதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன். இங்கே மருத்துவர் கணக்குப் பார்த்துக் குறைத்தால் அது வேறு. 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பேனா ஊசியின் முனையைப் பத்து நாள் வரை மாற்றாமல் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மழுங்கிய முனையும் கட்டிக்கு ஒரு காரணம். 4 மில்லிமீட்டர் முனை போதும், கூடியவரை ஒவ்வொரு முறையும் புதிது.

இன்னொரு காரணம் அவளுடைய வயது. பூப்படையும் பருவத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து வேலை செய்யும். தேவை கூடுவது இயல்பு. நோய் முற்றிவிட்டது என்று பொருளல்ல. அவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்றும் பொருளல்ல. வீட்டில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நிலத்தை விற்காமலேயே உங்களால் ஒதுக்க முடிந்த பணம் இருந்தால், கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாருக்குச் செலவழியுங்கள். 14 நாளுக்கு ஒன்று. தொடர்ந்து வாங்க முடியாவிட்டாலும், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒன்று ஒட்டினால் எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று வரைபடமாகவே தெரியும். ஸ்ட்ரிப்பை மிச்சப்படுத்தும் வீட்டில் இது எவ்வளவு பெரிய வெளிச்சம் என்பதை என் நோயாளிகளின் தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: டைப் 1 உள்ள பெண்கள் படிக்கிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துப் பிள்ளை பெறுகிறார்கள். நான் பார்த்த பெண்களே இருக்கிறார்கள். மறைத்துச் செய்த திருமணங்களில்தான் ஊசியைத் தவறவிட்டு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

பள்ளிக் கழிவறை

மகள் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. அவள் கேட்டது கூட்டைப் பற்றி அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஒளிந்துகொள்வது அவளுக்கு வலிக்கிறது. கழிவறையில், கையையும் சரியாகக் கழுவ முடியாமல், யாராவது கதவைத் தட்டுவார்களோ என்ற பதற்றத்தில் போடும் ஊசி எந்த இடத்தில் விழும்? பழகிய, வலிக்காத அந்தக் கட்டியில்தான். தொடையில் இருக்கும் கெட்டிக்கும் அந்தக் கதவுக்கும் தொடர்பு இருக்கிறது, சகோதரி.

இந்த வாரமே தலைமையாசிரியரை நேரில் பாருங்கள், கணவரும் வரட்டும். மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும். வகுப்பிலோ ஆசிரியர் அறையிலோ அவள் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் அனுமதி. பாடவேளையில் குளுக்கோஸோ சிற்றுண்டியோ சாப்பிட அனுமதி. கேட்டவுடன் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் அனுமதி. வியர்த்துத் தடுமாறினால் தனியே அனுப்பாமல் முதலில் சர்க்கரை கொடுத்து, அதன் பிறகு உங்களை அழைப்பது. டைப் 1 உள்ள மாணவர்கள் தேர்வறைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதித்திருக்கிறது, உங்கள் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தாலும் அதை எடுத்துக்காட்டிப் பேசுங்கள்.

பள்ளிக்குப் போகும் முன் அவளிடமே கேளுங்கள்: யாருக்குத் தெரியலாம், யாருக்கு வேண்டாம், வகுப்பில் எந்தத் தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறாள் என்று. அந்தத் தோழியை ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லி, சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அவள் விரும்பினால் இந்தப் பதிலையும் படிக்கக் கொடுங்கள், ஆல்ஜினேட் மணியைப் பற்றிய பகுதியையும் சேர்த்துத்தான். மூன்று மாதம் கழித்து அடுத்த சராசரி என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கும் கட்டி இளகியதா என்பதையும்.